காற்றைக் கூட்டினேன்

ஐப்பசி 12, சனிக்கிழமை

போன வாரம்தான் கம்ப்யூட்டரில் தரை, மரம், காற்று எல்லாம் வைத்து இயற்கைக் காட்சி செய்ய ஆரம்பித்தேன். எது செய்தாலும் மலையாகவே வந்துகொண்டிருந்தது. இன்று சாயங்காலம்தான் தரை நம்ம வேதாரண்யம் மாதிரி சமமாக வந்தது. அதில் நாலு தென்னையை வைத்தேன்.

இவர் பின்னால் வந்து நின்றார். புயலில் எங்கள் தென்னந்தோப்பு போனதிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்காதவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கிணத்தோரமா ஒண்ணு வை. அது கொஞ்சம் சாஞ்சு நிக்கும்," என்றார். இவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு மரமாக வைத்தேன். கடைசியில், "இதேதான்," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மரங்கள் பொம்மை மாதிரி நிற்கின்றனவே என்று காற்றைக் கூட்டும் பட்டனைத் தள்ளினேன். எவ்வளவு தள்ளுவதென்று தெரியவில்லை. மட்டைகள் மொத்தமும் ஒரே பக்கமாகப் புரண்டன. உடனே குறைத்துவிட்டேன்.

இவர் எழுந்து போய் வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டார். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

இப்போது தூங்கிவிட்டார். எனக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஜன்னலைத் திறக்கத்தான் கை வரவில்லை.