தவில் வாரும் சங்கீதப் பட்டமும்

மாமாங்கப் பிள்ளையார் துணை

களுவாஞ்சிக்குடி
20.06.1997

அன்பு மகன் வினாயகமூர்த்திக்கு அப்பா எழுதிக்கொள்வது, இங்கே நாங்கள் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்கப் பிள்ளையார் கண் திறக்கட்டும். உன் அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, வாய்தான் இன்னும் வற்றவில்லை. வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது. வட்டை வயலில் இந்தப் போகம் பாதிதான் விதைத்தோம், அங்கால் பக்கம் போக ஆமிக்காரர் விடுகிறார்கள் இல்லை. ஏறாவூர் ஆதம்பாவா காக்கா தன் புடவைக்கடைக்குச் சாரம் எடுக்க மெட்ராஸ் வருகிறார், இதை அவர் கையில்தான் கொடுத்துவிடுகிறேன், தபாலில் போட்டால் யார் யார் பிரித்து வாசிப்பான்களோ தெரியாது.

உன் கடிதம் கிடைத்தது. காலேஜை விட்டுப்போட்டு வாறன், உங்களோட மேளத்துக்கு நிக்கிறன், தவில் அடிக்கிறவனுக்குப் பட்டம் என்னத்துக்கு என்று எழுதியிருக்கிறாய். அடே, அதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன்? உன் அம்மாதான் என்ட புள்ளையும் பட்டதாரி ஆகட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தவிலுக்குப் பட்டமாம்! தவில் கட்டையைப் பலாமரத்தில் ஏன் செய்கிறார்கள் என்று நாலு பக்கம் எழுதச் சொன்னார்களாம், நீயும் எழுதினாயாம், எழுதிவிட்டால் மரம் முழங்குமா? தாளத்தின் அங்கங்களைப் படம் கீறிக் காட்டி மாக்ஸ் எடுத்தாயாம், தாலி கட்டும் நேரம் ஐயர் கையைக் காட்டினதும் கெட்டிமேளம் விழவேண்டும், அப்போது உன் படத்தை யார் பார்க்கப்போகிறான்? உங்கள் புரொபசர்மாரில் யாராவது சாமி வீதி சுற்றிவரும்போது விடிய விடிய நின்று வாசித்திருக்கிறார்களா என்று ஒருக்கால் கேட்டுப்பார், கால் நோகும் என்பார்கள்.

இங்கேயும் ஒன்று இருக்கிறதே, அழகரத்தினம், பள்ளிக்கூடத்துச் சங்கீத வாத்தியார், பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போடாமல் தன் கலியாணக் கார்ட்டையே அடிக்காதவன். அண்ணே, நீங்க ஊதினதில ஒரு சுரம் பிழைச்சுப்போச்சு என்று சபைக்கு முன்னால் சொல்லுவான், சரி நீ ஊது மனே என்று நாதஸ்வரத்தை நீட்டினால் பல் நோகுதாம். கையைப் பிடித்தால் பஞ்சு. இதுவும் ஒரு வித்துவானின் கையா என்று எத்தனை தரம் சிரித்திருப்பேன்.

போன மாதம் வந்தாறுமூலைப் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வாசிக்கப் போனோம். பெண்வீட்டாருக்குச் சொந்தம் என்று அவனும் எங்கள் வேனில் தொற்றிக்கொண்டான். திரும்பி வரும் வழியில் ஒரு ஆமிச் சென்றியில் வேனை மறித்து எல்லோரையும் இறக்கிச் சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். அழகரத்தினத்தின் பஞ்சுக் கையைத் தடவிப் பார்த்து, வாத்தியார் அட்டையையும் பார்த்து, ஏறு என்று விட்டான் ஆமிக்காரன். புவனேந்திரனை உனக்குத் தெரியும், உன் வயதுக்காரன், உன் இடத்தில் இப்போது அவன்தான் தவிலுக்கு நிற்கிறான். அவன் தோளில் தவில் வார் அறுத்த தழும்பை ஆமிக்காரன் தடவினான், உள்ளங்கைக் காய்ப்பைத் தடவினான், இது துவக்கு வார் கிடந்த தோள், சுட்டுப் பழகின கை, இவன் இயக்கப் பொடியன்தான் என்று முடிவு கட்டிவிட்டான். தவில் வேனுக்கு மேலே கிடக்குது ஐயா, பாருங்க ஐயா என்று தொண்டை கிழியக் கத்தினேன், அவனுக்கு விளங்கவுமில்லை, விளங்கினாலும் கேட்கிற முகமுமில்லை. புவனேந்திரனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்த நாள் தொடக்கம் அவன் தாயும் நானும் முகாம் வாசலில் காய்ந்தோம். ஊர் ஊராய்க் கோயில் கோயிலாய் ஊதின இந்தச் சாமித்தம்பியை ஒருத்தனும் மதிக்கவில்லை. கடைசியில் அழகரத்தினம் வந்தான், இந்த வெயிலில் கழுத்துக்கு டை கட்டி, கண்ணாடி போட்ட தன் பட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் மகனே, வாசலில் நின்றவன் அதைப் பார்த்துத்தான் வழி விட்டான், தவில் தூக்குகிற ஆளாக நானும் பின்னால் போனேன். உள்ளே இருந்த பெரியவனுக்கு இவன் இங்கிலீசில் விளக்கம் சொல்லி, தவிலைத் தன் தோளில் மாட்டி வார் எங்கே அழுத்துகிறது என்று காட்டினான். அதையும் தோள் மாறி மாட்டினான், தவிலைப் பற்றிப் பரீட்சை எழுதின துரை! நான்தான் திருத்திவிட்டேன். புவனேந்திரனை விட்டுவிட்டார்கள். ஆனால் அவனுடைய வலது கை விரல்கள் மடங்குகின்றன இல்லை. தாய் எண்ணெய் பூசி நீவிவிடுகிறாள், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

ஆகையால் நீ வராதே. உன் பட்டத்துக்கு இன்றைக்கும் நான் ஒரு செம்புச் சல்லி மதிப்புக் கொடுக்கமாட்டேன், அது உன் வாசிப்பில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாது. ஆனாலும் அதை வாங்கு. பெயில் விட்டால் திரும்பப் படி, பாஸ் பண்ணினால் அதற்கு மேலே என்ன கண்றாவிப் படிப்பு இருக்கிறதோ அதையும் படி. பரீட்சைக்கு வாசிப்பதென்றால் சம்மணம் கொட்டி இருந்து வாசி, தவிலைத் தோளில் மாட்டாதே. சின்ன வயதில் உன் தோளில் அந்த வாரைக் கட்டிவிட்டவன் நான், இதையும் நானே எழுதவேண்டிக் கிடக்கிறது. அழகரத்தினத்தின் கை மாதிரி உன் கையும் பஞ்சாகட்டும் மனே.

உன் அம்மாவும் நானும் உனக்கு எல்லா ஆசீர்வாதமும் சொல்கிறோம், உன்னைப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். சனிக்கிழமையில் எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்லி அம்மா ஞாபகப்படுத்தச் சொன்னாள். முழுகும்போது கண்ணாடியில் உன் தோளைப் பார், அந்தத் தழும்பு மங்குகிறதா என்று மறக்காமல் எழுது. அது இருந்த இடமே தெரியாமல் போனபிறகு வா.

இப்படிக்கு,
உன் அப்பா
க. சாமித்தம்பி, நாதஸ்வரம்