தேறாத குழாய்கள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் விட்டதா? வெந்நீர் குடி.

உங்கள் கம்பெனி கழித்துப்போடும் அலுமினியக் குழாய்களை நீ அனுப்புகிறாய். எங்கள் பட்டறையில் அவற்றைக் குழந்தைகளுக்குச் செயற்கைக் காலாக்குகிறோம். நேற்று எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு சிறுமி வந்தாள். தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றபோது குண்டு விழுந்து முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. அளவு பார்க்கும்போது அவள் அப்பா குழாயின் முனையிலிருந்த மூன்று வரிப்பள்ளங்களைத் தடவினார். “குண்டு விழுந்தப்ப இதே குழாய்தான் எங்க தெருவுல கிடந்துச்சு. கருகியிருந்துச்சு” என்றார்.

தண்ணீர் பம்புக்கு என்றுதானே என்னிடம் சொன்னாய்?

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

முன்பு பம்புக்குத்தான் போயிற்று. வேர்னியர் அளவுகோல் வைத்துக் குழாயின் கனம் அளந்து, தேறாததைக் கழிப்பது என் வேலை. தேறியது எங்கே போய் விழுகிறது என்று எனக்கு யார் சொல்கிறார்கள்?

சனிக்கிழமை எங்கள் கம்பெனி வாசலில் எதிர்ப்பு அட்டையோடு நின்றாயாம். “வாசல்ல கத்துறது உங்க அக்காவாமே?” என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டார். அடுத்த மாதம் பதவி உயர்வு. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பெனி கோபித்துக் குழாயை நிறுத்தினால் யாருக்குக் கால் இல்லாமல் போகும்? யோசி.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். உங்கள் கம்பெனி கிள்ளவில்லை, பிய்த்திருக்கிறது. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

யாரும் சொல்லவில்லை என்கிறாய். நான் சொல்கிறேன்: தண்ணீர் வரிசையில் விழுந்தது. இனி தெரியாது என்று எழுதாதே.

மிச்சக் குழாய்களைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்தேன். அந்தச் சிறுமி வந்து, “என் கால் எப்ப வரும்?” என்றாள். கட்டை அவிழ்த்தேன். அந்தக் கோபமும் உன்மேல்தான்.

இந்தச் சனிக்கிழமையும் நிற்பேன். நீ பார்க்காததுபோல உள்ளே போகலாம். அதையும் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதவி வேறொருவருக்குப் போயிற்று. வருத்தப்படாதே.

இந்த மாதம் குழாய்கள் வழக்கத்தைவிட நிறைய வரும். பெரும்பாலானவை என் கையில் தேறவில்லை. “கண்ணாடியை மாத்துய்யா” என்று மேலாளர் திட்டுகிறார். எத்தனை நாள் விட்டுவைப்பார்களோ.

வெயில் ஏறிவிட்டது. சனிக்கிழமை குடை கொண்டுபோ.

உங்கள் பட்டறையிலும் வேர்னியர் இருக்கும். வந்த குழாய்களை அளந்து பார்க்காதே.

உன் தம்பி