நீ தொடாத பங்கு

இன்று தபால் நிலையத்தில் உன் பெயரைப் படித்தேன்.

சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், என் பெயருக்குக் கீழே, நாமினி என்ற இடத்தில் நீல மையால் எழுதியிருக்கிறது. பதினைந்து வருடமாக அந்தப் புத்தகம் நம் பெட்டியில்தான் கிடந்தது. எனக்கு அது வெறும் கோடுகள். இன்று எழுத்துக் கூட்டினேன். மூன்றே எழுத்து. மூன்றாவதில் நீ வந்துவிட்டாய். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது. உன் பெயரை எடுத்துவிட்டு மகள் பெயரைப் போட வந்திருந்தேன். மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை.

நீ போன பிறகுதான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது குத்தாலம், மயிலாடுதுறை என்று பஸ் போர்டை நானே படித்து ஏறுகிறேன். படித்து முடிப்பதற்குள் சில பஸ்கள் போய்விடுகின்றன. நீ இருந்தால் எவ்வளவு கேலி செய்திருப்பாய்!

ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் வேலையிலிருந்து நின்றபோது வந்த பி.எஃப். பணத்தோடு நாம் இருவரும் இதே இடத்துக்கு வந்தோமே, நினைவிருக்கிறதா? கவுண்டரில் இருந்தவர், "எத்தனை வருஷத்துக்கு இது வரணும் பெரியவரே?" என்று கேட்டார்.

"எங்க அப்பா எழுபதுல போனாரு. எனக்கும் அவ்வளவுதான். இவ அம்மா எண்பத்தஞ்சு வரைக்கும் இருந்தாங்க. இவ என்னைவிடப் பத்து வயசு சின்னவ. நான் போனப்புறம் இருபத்தஞ்சு வருஷம் இவளுக்கு ஓடணும்."

"எமன்கிட்ட சீட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்று நீ கேட்டாய். அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. பணத்தை இரண்டாகப் பிரித்தேன். சின்னது நாம் இருவரும் சாப்பிட. பெரியது உன் பங்கு, நான் போகும் வரை யாரும் தொடக்கூடாது.

இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்கு எழுபது என்று யாருக்குத் தெரியும்? பெரிய வெள்ளம் வந்த வருஷத்தை வைத்து ஊரில் சொன்னது. என் வயதே மில் கணக்குப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் போட்டதுதான். இதை வைத்துக்கொண்டு உன் காலத்தையும் என் காலத்தையும் அளந்துவிட்டேன்.

உனக்கு முட்டி மடங்காமல் போன வருடம் நீ கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏங்க, நாற்காலி மாதிரி உக்கார்ற கக்கூஸ் ஒண்ணு கொல்லையில வச்சிடலாங்க. குந்தி எந்திரிக்க முடியல."

"உன் பங்குலேருந்துதான் எடுக்கணும். நீ தனியா நிக்கிறப்ப அது வேணும்டி. அப்புறம் பாத்துக்கலாம்."

"என் பங்கு, என் பங்குங்கிறீங்க. என்னையே தொட விடமாட்டேங்கிறீங்களே!"

"வெதநெல்ல எடுத்து யாராவது பொங்குவாங்களா?"

"வெதநெல்லயும் காலத்துல விடணும். அஞ்சு வருஷம் வைக்கோல் கோட்டையிலயே கட்டி வச்சா மொளைக்குமா?"

சிரித்தேன். பணத்தை மட்டும் எடுக்கவில்லை.

எனக்கு எழுபதும் தாண்டியது. "இன்னும் கெளம்பலையா நீங்க?" என்று நீ கேலி பேசினாய். கணக்கு தப்பிவிட்டது என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. பிறகு அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல். மயிலாடுதுறை ஆஸ்பத்திரியில் நான்கு நாள். உனக்கு அறுபத்திரண்டு. உன் பங்கு அப்படியே இருந்தது.

இன்று கவுண்டரில் ஒரு சின்னப் பெண். அவளும் அதையே கேட்டாள். "எத்தனை வருஷத்துக்கு வரணும் தாத்தா?"

"அத மட்டும் கேக்காதம்மா. ஒரு தடவ தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"தெரியாதுன்னு வச்சுத்தான் தாத்தா கணக்குப் போடணும். நீங்க தொண்ணூறும் இருக்கலாம். அதுக்காக இன்னைக்கு வேண்டியத எடுக்காம இருக்கவும் கூடாதுல்ல?"

அன்றே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். பிறகு, நீ சொன்னாயே என்பது நினைவுக்கு வந்தது.

மகள் தாராசுரத்திலிருந்து வந்தால் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. காரணம் சொல்லமாட்டாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தபோது புரிந்தது. நீ கேட்ட கக்கூஸை அவளுக்காகக் கட்டப்போகிறேன் என்று போனில் சொன்னேன். "இப்ப என்னப்பா அவசரம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். உன் முட்டியும் என் வார்த்தையும் அவளுக்கு வந்திருக்கின்றன.

நாமினி இடத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். பணம் எடுக்கும் தாளையும் நானே நிரப்பினேன். உன் பங்கில் முதல் முறையாகக் கை வைத்திருக்கிறேன். நாளை கொத்தனார் வருகிறார்.

ஒன்றை நாம் யாரிடமும் சொன்னதில்லை. விடிவதற்கு முன் கொல்லையிலிருந்து, "ஏங்க, கை குடுங்க" என்று மெதுவாகக் கூப்பிடுவாய். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கக்கூஸ் கதவிடுக்கில் கையை நீட்டுவேன். நீ பிடித்துக்கொண்டு எழுவாய். உன் கனம் முழுவதும் என் தோளில் இறங்கும். அந்தக் கனம் என் தோளை விட்டு இன்னும் போகவில்லை. இப்போதும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து, நன்றாக விடியும் வரை உட்கார்ந்திருக்கிறேன்.