வட்டத்துக்குள் நீயும் நானும்

பழைய தோள்கவசத்தை எடுக்கத்தான் இன்று நிலவறைக்குப் போனேன். அங்கே எங்கள் வீட்டுக்கென்று கம்பிவலை அடித்த ஒரு கூண்டு இருக்கிறது. பனிச்சறுக்கு மட்டைகளுக்குப் பின்னால் விளையாட்டுப் பை அப்படியே கிடந்தது. சிப்பை இழுத்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. காய்ந்த வியர்வை, ரப்பர், உன் அம்மா போத்தலில் விட்டுத்தரும் நோவெண்ணெய். உன் ஞாபகம் வருவதற்கு முதல் எனக்குப் பயம்தான் வந்தது. கை தானாகப் பின்தலைக்குப் போனது.

நம் கல்லூரி அணி இந்தப் பருவமும் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லையாம். நம் பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்னார். பழையபடி வட்டத்தைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறாராம். பழைய கவசங்கள் இருந்தால் கொண்டுவா, கூட்டத்துக்கும் வந்து உன் அபிப்பிராயத்தைச் சொல் என்றார். இந்த நோர்வேயில் எதற்கும் ஒரு கூட்டம் வேண்டும், கோப்பி வேண்டும், கை உயர்த்த வேண்டும். கூட்டம் நாளைக்கு. உன்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பாய். நீ போய் இன்னும் ஒரு வருடமாகவில்லை.

நாம் எப்படி அந்த விளையாட்டுக்குள் போய் விழுந்தோம் என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். அமெரிக்கன் ஃபுட்போல் என்று பேர். காலுக்கு அதில் பெரிய வேலையில்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துவதுதான் வேலை. ஹொல்ம்லியாவிலிருந்து நான், லில்லெஸ்ட்ரோமிலிருந்து நீ. ஒஸ்லோவில் மற்றத் தமிழ்ப் பெடியள் எல்லாம் ஒழுங்கான உதைபந்தாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நமக்குத்தான் உடம்பு கொஞ்சம் கூடிப்போய்விட்டது. "அவங்கள் எங்களை பெஞ்சிலைதான் இருத்துவாங்கள். இஞ்சை எண்டா எங்கட நிறைக்கு ஒரு மரியாதை இருக்கு, மச்சான்" என்றாய்.

ஊரில் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் எந்நேரமும் செய்திதான். என் அம்மா மட்டும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னா: "அடிபாட்டுக்குப் பயந்து நாங்கள் இஞ்சை ஓடி வந்தனாங்கள். நீங்கள் ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்துப் போய் அடிவாங்கிறியள்."

வாங்கினோம், தாராளமாக. எல்லா அணியும் நம்மைத் துவைத்து எடுத்தது. அப்போதுதான் பயிற்சியாளர் வட்டத்தைக் கொண்டுவந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். தோற்றுத் தோற்றுக் களைத்துப்போயிருந்தார். எல்லாரும் சுற்றிவர நின்று கைதட்ட, நடுவில் இரண்டு பேர் முழு வேகத்தில் ஓடிவந்து மோத வேண்டும். விழாமல் நிற்பவனுக்குத்தான் சனிக்கிழமை ஆட்டத்தில் இடம். பயிற்சியில் பயம் தெளிந்தால் ஆட்டத்தில் வெல்லலாம் என்பது அவர் நம்பிக்கை. உனக்கும் எனக்கும் ஒரே நிறை என்பதால் எப்போதும் நம் இருவரையும்தான் எதிரெதிரே விட்டார்.

வட்டத்துக்குள் நிற்க எனக்குப் பயம். உனக்கு அது தெரிந்துவிட்டது. அதற்கு வழி கண்டுபிடித்தவனும் நீதான். ஓடி வரும்போது "சோத்துக்கை!" என்று கத்துவாய். இருவரும் வலது தோளைக் கொடுப்போம். தலைகள் ஒன்றையொன்று தொடாமல் விலகிவிடும். "பீச்சங்கை!" என்றால் இடது. சத்தம் பெரிதாகக் கேட்கும், நோ குறைவு. யார் விழுவது என்பதை ரயிலிலேயே பேசி முடித்துவிட்டு வருவோம். நோர்வேக்காரர் அதை ஏதோ போர்க்கூச்சல் என்று நினைத்தார்கள். பயிற்சியாளர் மற்றவர்களுக்கு நம்மைக் காட்டி, "இப்படி மோதுங்கள்" என்றார். ரயிலில் திரும்பும்போது சிரித்து சிரித்து உனக்கு விக்கல் வந்தது.

அதன் பிறகும் தோற்றோம். அடுத்த பயிற்சிக்குப் போகும் ரயிலில் நீ சிரிக்கவில்லை.

"இண்டைக்கு நான் கத்தமாட்டன். உண்மையா வா."

"விசரே உனக்கு? தலை வெடிச்சிடும்."

"சனிக்கிழமை வாறவங்கள் என்ன, சோத்துக்கை எண்டு சொல்லிப்போட்டே வாறாங்கள்? நாங்கள் நடிக்கிறம் மச்சான். அதுதான் தோக்கிறம்."

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அன்று வட்டத்தில் நீ வாயைத் திறக்காமல் ஓடி வந்தாய். நான் கண்ணை மூடிவிட்டேன். பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது நான் புல்லில் கிடந்தேன், நீ எழும்பி நின்றாய். எல்லாரும் உன் கவசத்தில் தட்டிச் சிரித்தார்கள். நீ பயிற்சியாளரிடம் நடந்துபோய், மிகவும் மரியாதையாக, தமிழில் கேட்டாய்: "அண்ணை, லில்லெஸ்ட்ரோம் ரயில் போயிட்டுதோ? அம்மா பாத்துக்கொண்டு நிப்பா."

அவர் மகிழ்ச்சியோடு உன் தோளில் குத்தினார். அவருக்கு அதுவும் போர்க்கூச்சல்தான். அந்த மைதானத்தில் நீ என்ன சொல்கிறாய் என்று விளங்கிய ஒரே ஆள் நான். அந்தத் தனிமை மாதிரி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மறுபடி வட்டத்துக்குள் போய் நின்று கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாய். நான் ஓடிப்போய்ப் பயிற்சியாளரின் கையைப் பிடித்து, இவனுக்குத் தான் எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவரே காரை எடுத்தார்.

அவசர மருத்துவரிடம் உன் பிறந்த நாளைப் பிழையாகச் சொன்னாய். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாய். மெல்ல மெல்லத் தெளிந்து, "அம்மாவுக்குச் சொல்லாதை" என்றாய். நான் சொன்னேன். அதற்காக நீ எத்தனையோ நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நீயில்லாமல் ஆடி வென்றோம். அதுதான் நம் முதல் வெற்றி. வட்டத்தால் வென்றோம் என்று எல்லாரும் துள்ளினார்கள். எதிரணியில் பந்து எறிபவன் காய்ச்சலில் படுத்திருந்ததை ஒருவரும் பேசவில்லை. வட்டம் தொடர்ந்தது. ஒருவனுக்குத் தோள், ஒருவனுக்கு முழங்கால் என்று கழன்று, கடைசி ஆட்டத்துக்கு ஆள் போதாமல் கைவிட்டோம். நீ திரும்பி வந்தாய். நான் உன்னோடு வட்டத்துக்குள் போக மாட்டேன் என்றேன். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டு வேறொருவனோடு போனாய். நான் கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு முறையும் நீ எழும்பும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

சில வருடங்களில் உனக்கு வலிப்பு வரத் தொடங்கியது. போன குளிர்காலம் வந்த வலிப்பு உன்னை விடவில்லை. பழைய அடியாலா என்று மருத்துவரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். அந்தப் பதிலோடு நான் எங்கே போவது? வேலையிடத்தில் ஒரு பேர் ஞாபகம் வராவிட்டால்கூட எனக்குக் கை பின்தலைக்குப் போகிறது. உன்னோடு மோதிய தலையல்லவா இதுவும்.

உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு லில்லெஸ்ட்ரோம் வந்தேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, உன் அம்மா குசினியில் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினா. நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மகன், உங்களப் பத்தி அவன் என்ன சொல்லுறவன் தெரியுமா?" என்றா. "'எல்லாரும் சிரிக்கக்குள்ள அவன் ஒருத்தன்தான், அம்மா, பயந்தவன். அதாலதான் நான் அண்டைக்கு வீட்ட வந்து சேர்ந்தன்' எண்டு சொல்லுவான்."

என்னிடம் நீ ஒருநாளும் இதைச் சொல்லவில்லையே.

நாளைக்குப் போவேன். கவசத்தைக் கொண்டுபோக மாட்டேன். வென்றதையும் சொல்வேன், காய்ச்சலில் படுத்தவனையும் சொல்வேன், நீ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாது என்பதையும் சொல்வேன். பிறகு, எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று கையை உயர்த்துவேன். இளம் பெடியள் சிரிக்கவும் கூடும். சிரிக்கட்டும். இந்தப் பயத்தை நான் விடப்போவதில்லை, மச்சான். ஒருமுறையாவது அது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.