பல்கனியில் வைத்த விளக்கு

அம்மா,

இந்த அறையில் மானாப்புல் வாசம். மூலையில் ஒரு சின்னக் குப்பி, அதில் நாலைந்து குச்சிகள். எண்ணெய் மெல்ல ஏறி அறை முழுக்க மணக்கிறது. நீ தேயிலைத் தோட்டத்தில் அந்தப் புல் வெட்டப் போன நாட்களில் உன் சேலை இப்படித்தான் மணக்கும். கையெல்லாம் கீறல். நேற்று உள்ளே நுழைந்ததும் அப்பா மூக்கை உறிஞ்சினார். "இந்தக் கருமத்தையா காசு குடுத்து வாங்கி வச்சிருக்காங்க?"

பதுளைக் கடைத்தெருவைப் பார்த்த ஹோட்டல். பழைய பங்களா ஒன்றை அழகுபடுத்திச் சில அறைகளாக்கியிருக்கிறார்கள். கீழே பஸ்காரர்கள் பண்டாரவளை, பண்டாரவளை என்று கத்துகிறார்கள். நீ இந்த ஊரில் இரவு தங்கியதெல்லாம் ஆஸ்பத்திரி வார்ட்டில் மட்டும்.

இங்கே எதற்கு என்று கேட்பாய். கொஸ்லந்தையில் நம் லய வீடுகளுக்கு மேலே மலை வெடித்திருக்கிறது. கை நுழையும் பிளவு. மண் சரியும் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். அப்பாவும் போனார். ஆனால் பொழுது சாய்ந்தால் யாருக்கும் சொல்லாமல் லயத்துக்கு ஏறிவிடுகிறார், உன் படத்துக்கு விளக்கு வைக்க. நீ போய் வருஷம் முடியும்வரை ஒரு நாளும் விடக்கூடாதாம். மழையிலும் போகிறார். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா போனில் அழுதாள். கொழும்பிலிருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தூரமாக இருந்தால் போகமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் கட்டிலில் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றார். நான் சொல்லவில்லை. கீழே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

நீயும் இப்படித்தான். எனக்கு உயர்தரப் பரீட்சைப் புத்தகங்கள் வாங்க இதே தெருவுக்கு வந்தோமே. வெயில் இறங்கும் முன்பே உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐஸ்கிரீமைப் பாதியில் விட்டு எழுந்தாய். "வெளக்கு வைக்கிற நேரத்துல வீடு இருட்டா கெடக்கக் கூடாது புள்ள." பஸ்ஸில் நின்றபடி திரும்பினோம். எனக்குக் கோபம். பெரகல சந்தி வரும்வரை பேசவில்லை. நீ ஜன்னல் வழியே வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

நேற்று மாலை நான் குளித்துவிட்டு வந்தால் அறையெல்லாம் புகை. மேசைமேல் உன் படம். விளக்கு. சாம்பிராணி. எல்லாவற்றையும் உன் பழைய சேலையில் சுற்றிப் பைக்குள் கொண்டுவந்திருக்கிறார். கூரையில் அலாரம் அலறத் தொடங்கியது. அப்பா நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"என்னா, பெரட்டுக்குக் கூப்புடுறாங்களா?"

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் சங்கு நினைவு அவருக்கு. சிரிப்பு வந்தது. அழுகையும்.

மேனேஜர் ஓடிவந்தார். பண்டாரவளை முஸ்லிம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அலாரத்தை நிறுத்தினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவா என்று மட்டும் கேட்டார். பிறகு அப்பாவிடம் சொன்னார்:

"ஐயா, உள்ள வச்சா இது கத்திக்கிட்டேதான் இருக்கும். பல்கனியில வைங்க. நான் மேசை எடுத்துத் தாரேன்."

வெளியே காற்று. விளக்கு அணைந்தது. ஏற்றினார். அணைந்தது. மேனேஜர் சாப்பாட்டு அறையிலிருந்து மேலே திறந்த மெழுகுதிரிக் கண்ணாடிக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து விளக்கைச் சுற்றி வைத்தார். சுடர் அணையாமல் நின்றது. கீழே ஆட்டோக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா உட்கார்ந்தார், இந்த ஹோட்டலுக்கு வந்த பிறகு முதல் முறையாக. தரையில்.

சுடரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"எடம் தெரிஞ்சி வந்துருவாளா?"

படித்துத் தெரிந்துகொண்ட பதில்கள் என்னிடம் நிறைய இருந்தன. "வந்துருவாங்கப்பா" என்றேன்.

இன்று அவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. இங்கே நல்லெண்ணெய் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று மேனேஜரிடம் விசாரித்தார். பிறகு, போகிறபோக்கில், கொழும்பில் என் அறைக்குப் பல்கனி உண்டா என்று கேட்டார். இல்லை. உண்டு என்று சொல்லிவிட்டேன். இனி அப்படி ஓர் இடம் தேட வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. உனக்குத் தெரியும். ஆனாலும் கொழும்பில், வெளிச்சம் மங்கும் வேளையில், ஒரு காரணமும் இல்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன். எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறேன். உன் பரபரப்பு அது. நீ போன பிறகும் என் கால்களில் இருக்கிறது.