ரிப்பன் கட்டிய கேமராவை வெள்ளிக்கிழமைக்குள் திறந்துவைக்க வேண்டி

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநர்,
பெண்கள் அறுவைப் பிரிவு நோயாளியின் அக்கா.

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்.

பொருள்: திறப்பு விழாவுக்காக அறுவை அரங்கில் மூடிக் கிடக்கும் கேமரா – என் தங்கையின் இரண்டாம் அறுவை சிகிச்சைக்கு முன் திறந்துவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கைக்குக் கருப்பைக் கட்டிக்காகச் சென்ற மாதம் இந்த அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்களில் ஒன்று தவறுதலாக வெட்டுப்பட்டது. இப்போது அவள் இடுப்போரம் சிறுநீர் வடியும் ஒரு பை தொங்குகிறது. அதை நான்தான் காலி செய்கிறேன்.

2. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. "உள்ள ரத்தமும் வீக்கமுமா இருந்துச்சும்மா, எது எந்தக் குழாய்னே தெரியல" என்றார். சாயம் செலுத்தி அதற்கென உள்ள கேமராவில் பார்த்தால், அந்தக் குழாய் மட்டும் பச்சையாக ஒளிருமாம், கத்தியை விலக்கிக்கொள்ளலாமாம். அந்தக் கேமரா எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அறுவை அரங்கிலேயே, மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம்.

3. அதைத் தாங்கள் திறந்துவைக்க வேண்டும் என்பதால் ரிப்பன் கட்டி வைத்திருக்கிறார்கள். விழா முதலில் மழையால் தள்ளிப்போனது, பிறகு தங்கள் பயணத்தால். மருத்துவர் அனுமதி கேட்டபோது, "அவர் கையால திறக்காம தொட்டா, நம்ம வேலைக்கே உலை வச்சிரும்ப்பா" என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டாராம். ரிப்பன் கசங்காமல் தினமும் செவிலியர் தூசி தட்டுகிறார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே வெண்ணெய்க்கு ரிப்பன் கட்டியிருக்கிறார்கள்.

4. தங்கை இதைக் கேட்டுச் சிரித்தாள். "அந்த ரிப்பன்மேல இருக்கற அக்கறையில பாதிய எம்மேல காட்டியிருக்கலாம்க்கா" என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறேன், இறக்குகிறேன், இங்கு வந்து பையைக் காலி செய்கிறேன். கோபமாவது வந்தால் நன்றாக இருக்கும்.

5. குழாயைச் சேர்க்கும் அறுவை சிகிச்சை வரும் வெள்ளிக்கிழமை. முன்பைவிட உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்குமாம். இன்னொரு குழாய்க்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்ல மருத்துவருக்கு வாய் வரவில்லை. ஆகவே அதற்குள் தாங்கள் வந்து திறந்துவைக்கப் பணிந்து கேட்கிறேன். வர இயலாவிட்டால், பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். வேலை முடிந்ததும் துடைத்து, மறுபடி ரிப்பன் கட்டி வைத்துவிடுவோம். தாங்கள் திறக்கும் நாளில் நானும் தங்கையும் முன்வரிசையில் நின்று கைதட்டுகிறோம்.

இடம்: பெண்கள் அறுவைப் பிரிவு வராண்டா
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா

இணைப்பு:
தங்கையின் மருத்துவ அறிக்கை நகல்.
புதிய சிவப்பு ரிப்பன், இரண்டு மீட்டர்.