நீங்கள் சரி என்று சொல்லாத எழுத்து

சுக்கு தட்டும்போதெல்லாம் உங்கள் மாணவர்களின் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. இன்று காலையிலும் கேட்டது. கணவர் இறந்துபோன வீட்டில் மற்றப் பெண்களுக்கு எது எதுவோ நினைவு வருமாம். எனக்கு இந்த வாசனைதான்.

சனிக்கிழமைகளில் நம் முன்னறையில் எபிரெய மொழி வகுப்பு நடக்கும். போதகர் படிப்புக்குப் போகிற பையன்கள் நாகர்கோவிலில் இருந்தும் வருவார்கள். பலகையில் நீங்கள் அயின் எழுதுவீர்கள், கவைக்கம்பு மாதிரி ஓர் எழுத்து. தொண்டையின் அடியை இறுக்கி அதைச் சொல்ல வேண்டும். "இப்பம் அந்த நாட்டுக்காரங்களே பலபேர் இதை விழுங்கிருதாங்க. என் வகுப்புல விடமாட்டேன். ழகரத்தை லகரமாச் சொன்னா நம்ம ஊர்ல விடுவமா?" என்பீர்கள். நான் காப்பியை வைத்துவிட்டுப் போவேன்.

கல்யாணமான புதிதில், எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். "உனக்கு எதுக்குட்டி?" என்றீர்கள். பிறகு நான் கேட்கவில்லை. எழுத்துகளைப் பலகையைப் பார்த்துப் படித்தேன். உச்சரிப்பைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று படித்தேன். அயின் மட்டும் வசப்படவில்லை. மிக்சி ஓடும்போது சொல்லிப் பார்ப்பேன், யாருக்கும் கேட்காதே. வருடக்கணக்கில் தேங்காயோடு சேர்த்து அரைத்த எழுத்து அது. ஒருநாள் வந்துவிட்டது.

அந்த வாரமே ஒரு பையன் அயினில் திணறினான். வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்ற நான், என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"சார், அம்மா சொன்னது கரெக்டாட்டு இருக்கே!" என்றான் அவன்.

"அதுவா? அவளுக்கு நெஞ்சுல சளி. ஏட்டி, போய் சுக்குக்காப்பி போட்டுக் குடி."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். ஆனால் அதற்கு முன் உங்கள் கையிலிருந்த சாக்பீஸ் பலகையிலேயே நின்றுபோனதை நான் பார்த்தேன். உங்கள் காதுக்குத் தெரியும்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது அறையில் நாம் இருவர்தான். சிரிக்க ஆளில்லை. குனிந்து உங்கள் காதில் அயின் சொன்னேன்.

"சரியா இருக்கா? இப்பமாவது சொல்லுங்க."

"தண்ணி தா" என்றீர்கள். தந்தேன், வாயைத் துடைத்தேன், மறுபடியும் கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தண்ணீர் கேட்க இருந்த குரல், ஒரு 'சரி' சொல்ல இல்லாமல் போயிற்று.

"செத்தவரு மேல கோவம் வைக்கலாமாக்கா?" என்கிறாள் என் தங்கை. வைக்கலாம். வைத்திருக்கிறேன்.

தினமும் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை எபிரெயத்திலேயே உரக்க வாசிக்கிறேன். அயின் வருமிடத்தில் என் தொண்டையில் எழுவது உங்கள் குரல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தந்தது என்று எவரிடமும் சொல்லமாட்டேன். நானாக எடுத்துக்கொண்டது.

பரலோகத்தில் நாம் மறுபடியும் சந்திப்போம் என்று போதகர் ஆறுதல் சொன்னார். சந்திக்கலாம். நான் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அங்கே முதலில் நீங்கள் பேசுங்கள்.